மூச்சுவிடும் மூலக்கூறு

வேதியியல் துறையின் நடைவழியில், தீயணைப்பு வாளிகளுக்கு மேலே, ஆள் உயரத்துக்கு ஒரு சுவரொட்டி தொங்கியது. அதில் பாதி இடத்தைத் துறைத் தலைவரின் முகம் எடுத்துக்கொண்டது. மீதியில் பெரும்பகுதியை ‘மூச்சுவிடும் மூலக்கூறு’ என்ற கொட்டை எழுத்துகள் எடுத்துக்கொண்டன. மூலக்கூறின் படம், வேண்டாவெறுப்பாகக் கூப்பிட்ட விருந்தாளி மாதிரி கீழ் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. அந்த மூலக்கூறைச் செய்தவளின் பெயர் அதற்கும் கீழே, அச்சகத்தின் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய அதே அளவு எழுத்தில் இருந்தது.

துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் சிகரம். அவருக்கும் அது தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

செய்தவளுக்கு இது ஆறாவது வருஷம். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், தலை நரைத்துவிட்டதாக அவளுக்கு ஒரு பிரமை. ஆய்வேட்டில் மூன்று அத்தியாயம் வேண்டும். இரண்டு தயார். மூன்றாவது இந்த மூலக்கூறு. சிகரம் கையெழுத்துப் போட்டால் இந்த மாதமே ஏட்டைக் கொடுத்துவிட்டுத் தலைமுழுகிவிடலாம். ஒரு மருந்துக் கம்பெனியின் தரச் சோதனைக் கூடத்தில் அவளுக்காக ஒரு நாற்காலி காத்திருந்தது. ‘ஏட்டைக் கொடுத்தாயிற்று’ என்ற சான்றோடு மாதக் கடைசிக்குள் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

இத்தனையும் கனிந்து வந்த நேரத்தில் அவளுக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. அந்த மூலக்கூறை அவளால் நம்ப முடியாமல் போயிற்று.

அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் என்று பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சொல்கிறவருக்கு நாக்கு வறண்டுவிடும். அதனால்தான் எல்லோரும் என்.எம்.ஆர். என்று மூன்று எழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள். விஷயம் பெயரைப்போல் அவ்வளவு மிரட்டாது. ஒவ்வொரு ஹைட்ரஜனின் கருவும் ஒரு பொடிக் காந்தம். அதைக் கொண்டுபோய்ப் பெரிய காந்தத்துக்குள் நிறுத்தினால், மேலதிகாரி வந்துவிட்ட அலுவலகம் மாதிரி ஒரு ஒழுங்குக்கு வரும். ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் நிலைதடுமாறி, மறுபடி நிதானத்துக்கு வருகிறவரை முனகும். இயந்திரம் அந்த முனகலைக் கேட்டுத் தாளில் முகடு முகடாக வரைந்து தருகிறது.

எல்லா ஹைட்ரஜனும் ஒரே சுருதியில் முனகாது. எலெக்ட்ரான் போர்வையை நன்றாக இழுத்துப் போர்த்தியிருப்பது தாளின் வலது கோடியில் வரும். பக்கத்தில் ஆக்சிஜன் மாதிரி ஒரு பிடுங்கி உட்கார்ந்துகொண்டு போர்வையைத் தன் பக்கம் இழுத்தால், பாவப்பட்டது இடப்பக்கம் நகரும். முகட்டின் பரப்பு எத்தனை தலை என்று சொல்லும். பக்கத்துக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் குடியிருந்தால் இந்த முகடு மூன்றாகப் பிளக்கும், மூன்று இருந்தால் நான்காக. ஆக, யார், எங்கே, எத்தனை பேர், அக்கம்பக்கம் யார் என்று நான்கு கேள்விக்கும் பதில் உண்டு. கல்யாணத் தரகர்கள்கூட இதற்குமேல் விசாரிப்பதில்லை.

அவள் எடுத்துக்கொண்டது இரட்டைப் பிணைப்பு உள்ள ஓர் ஆல்கஹால். அதில் அமிலம் விட்டுச் சூடாக்கினால், ஒரு கோடியில் இருக்கும் ஆக்சிஜன் மறுகோடியில் இருக்கும் இரட்டைப் பிணைப்பைக் கவ்விக்கொண்டு வளையமாக மூடும், யாரும் பார்த்திராத வளையம் ஒன்று பிறக்கும் என்பது சிகரத்தின் திட்டம். சூடாக்கினாள். மூலக்கூறின் எடை மாறவில்லை; அணுக்கள் இடம் மட்டுமே மாறுவதால் அது மாறவும் கூடாது. இரட்டைப் பிணைப்பில் இருந்த ஹைட்ரஜனின் முகடு காணாமல் போயிருந்தது. “மூடிடுச்சு” என்றார் சிகரம். தாளின் அடியில் ஓடும் அளவுகோலில் மூன்றுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜனுக்கான முகடு ஒன்று தொக்கி நின்றது. “வளையத்தோட கழுத்துல இருக்கிற ஹைட்ரஜன்” என்று அதற்கும் அங்கேயே முகவரி எழுதிக் கொடுத்தார்.

அந்த முகடு ஒரு இடத்தில் நிற்கவில்லை என்பதுதான் தகராறு. முதல் மாதிரியில் ஓரிடம், அடுத்ததில் இன்னோர் இடம். மற்றவை எல்லாம் அடித்துவைத்த ஆணி மாதிரி நிற்க, இது மட்டும் அலைந்தது. வேறு யாராக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும். சிகரத்துக்குப் புகழ் வந்துவிட்டது. வளையம் சுருங்கி விரிகிறதாம், கழுத்து ஹைட்ரஜன் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதாம். மூலக்கூறு மூச்சுவிடுகிறதாம். இரண்டு மாநாடுகளில் பேசிவிட்டார். பல்கலைக்கழகச் செய்தி மடலில் கன்னத்தில் கைவைத்த படத்தோடு பேட்டி வந்துவிட்டது.

அகச்சிவப்பு நிறமாலையில், ஆல்கஹால் இருந்தால் பள்ளம் விழுகிற இடத்தில் அகலமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. “ஈரம்” என்றார். கழுத்து ஹைட்ரஜனுக்கு அக்கம்பக்கத்தில் ஆட்கள் இருக்கும்போது முகடு ஏன் பிளக்கவில்லை என்று கேட்டதற்கு, “அது கொஞ்சம் ஒதுங்கி வாழற டைப்” என்றார். அவள் சிரித்துவிட்டுக் குறித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கும் பட்டம் வேண்டியிருந்தது.

கெட்ட புத்தி வந்தது ஆறாவது மாதிரியில். அந்தத் தடவை பொருள் தாராளமாகக் கிடைக்கவே குழாயில் கைதாராளமாகப் போட்டுவிட்டாள். முகடு என்றுமில்லாத அளவு இடப்பக்கம் தாவியது. அதே குழாயிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கரைப்பான் சேர்த்து நீர்க்கவைத்துப் பார்த்தாள், வலப்பக்கம் திரும்பியது. இன்னும் நீர்க்கவைத்தாள், இன்னும் திரும்பியது. ஆக்சிஜனில் தொற்றிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜனுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி. கூட்டம் நெருங்கினால் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனோடும் கைகோத்துக்கொள்ளும், போர்வை இன்னும் விலகும், இடம் பெயரும். கூட்டம் கலைந்தால் திரும்பும்.

அப்படியானால் ஆல்கஹால் அப்படியே இருக்கிறது, வளையம் மூடவே இல்லை. இரட்டைப் பிணைப்பு சும்மா ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறது, ஹைட்ரஜனே இல்லாத இரண்டு கார்பன்களுக்கு நடுவில். ஹைட்ரஜனை மட்டும் கேட்கிற இயந்திரத்துக்கு அது எப்படித் தெரியும்? பழைய ஆய்விதழ்களைப் புரட்டினாள். இருந்தது. அவள் பிறப்பதற்கு முன்பே யாரோ செய்து, இரண்டு வரியில் எழுதி, பிரயோசனம் இல்லை என்று விட்டுவிட்ட பொருள்.

சிகரத்தின் அறையில் அவர் தன் பேட்டியைச் சட்டம் போட்டு மாட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அந்த பீக் எங்க வருதுங்கிறது நான் எவ்வளவு போடறேங்கிறதப் பொறுத்து இருக்கு. நிறையப் போட்டா இடது பக்கம் போகுது. கம்மியா போட்டா வலது.”

“அப்படியா?” சட்டத்தைக் கீழே வைத்தார். “கூட்டம் அதிகமானா மூச்சு முட்டுது. எழுதிக்கோ.”

“இல்ல சார். ஆல்கஹால் ஹைட்ரஜனும் இப்படித்தான் நகரும்.”

“நம்ம மூலக்கூறுல ஆல்கஹாலே இல்லையேம்மா. வளையம் மூடியாச்சு.”

“மூடலன்னா?”

“மூடாம எப்படி? போஸ்டர் அடிச்சாச்சே.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

“ஒரு சொட்டு கனநீர் விட்டுக் குலுக்கிப் பார்த்துடறேன் சார். ரெண்டு நிமிஷ வேலை. ஆல்கஹால்னா பீக் போயிடும். கழுத்து ஹைட்ரஜன்னா அப்படியே நிக்கும். நீங்க சொன்னது சரின்னா உங்களுக்கும் நல்லதுதானே.”

சிகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரையாவது சின்னவராக்க வேண்டியிருந்தால் அவர் முதலில் கண்ணாடியைத்தான் துடைப்பார். “கனநீர் விட்டுக் குலுக்கறது இளங்கலைப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வித்தை. ரெண்டு மாநாட்டுல கைதட்டின விஷயத்த ஒரு சொட்டுத் தண்ணிய விட்டுச் சோதிக்கிறதா? நாளைக்கு வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? போய் அத்தியாயத்த முடிம்மா. வேலை வேற காத்திருக்குன்ன.”

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் கனிவாகச் சொன்னார். கத்தியை உறையோடு காட்டுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

வீட்டில் நாத்தனார் மகளோடு வந்திருந்தாள். மகளைக் கல்லூரியில் சேர்த்த சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

“அண்ணி, இவளும் வேதியியல்தான் எடுத்திருக்கா. ஒரு சந்தேகம், கோவிச்சுக்காதீங்க. நீங்க முதல்ல முடிப்பீங்களா, இவளா?”

“அவளே முடிக்கட்டும். எனக்கு வந்து சொல்லிக்கொடுக்கட்டும்” என்றாள் அவள், தண்ணீர்க் குவளையை ஓசையோடு வைத்து.

அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். தங்கையை அனுப்பிவிட்டு வந்து முழுக்கதையையும் கேட்டான். கேட்கும்போது தலையாட்டினான். புரிந்து ஆட்டுகிறானா, தூக்கத்தில் ஆட்டுகிறானா என்று அவளுக்குச் சந்தேகம்.

“எங்க கடைக்கும் வருவாங்க இப்படி” என்றான். “பலகையில இருக்கிற எழுத்த வரிசையில நிக்கும்போதே மனப்பாடம் பண்ணிட்டு வந்து உக்காருவாங்க. நான் பலகையத் திருப்பி மாட்டினாலும் கடகடன்னு ஒப்பிப்பாங்க. பார்வை சரின்னு எழுதிக் கொடுங்கன்னு சண்டை வேற.”

“நீங்க எழுதிக் கொடுப்பீங்களா?”

“நான் எங்க கொடுக்கிறது, முதலாளி கொடுப்பார்.” கொஞ்சம் யோசித்தான். “சரி, சொட்டு விட்டுப் பாக்கற. பீக் போயிடுது. அப்புறம்?”

“அத்தியாயம் போயிடும்.”

“வேலை?”

“அதுவும்.”

“பாக்கலன்னா?”

“அத்தியாயம் இருக்கும். வேலை இருக்கும்.”

“அப்ப ஏன்டி பாக்கணும்?” என்று கேட்டான். குற்றம் சொல்லும் தொனி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதனால் அவளுக்குக் கோபப்படவும் வழியில்லை. நல்லதாக ஒரு பதிலைத் தேடினாள். அறம், உண்மை, அறிவியல் என்று எதைச் சொன்னாலும் சிகரத்தின் மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. “தெரியாம இருக்க முடியல” என்று மட்டும் சொன்னாள். “ஏன் சும்மா இருக்க முடியலன்னா கேக்கறீங்க? அரிக்குது.”

இயந்திர அறைக்காரர் எப்போதும் கம்பளிச்சட்டையில் இருப்பார். அறை குளிர், அவர் அதைவிட. ஆளுயரத்துக்கு நிற்கும் அந்த வெள்ளைக் காந்தப் பீப்பாயை மணமேடையில் உட்கார்ந்த மகளைக் காக்கும் தகப்பன் மாதிரி காவல் காத்தார். யார் குழாயை நீட்டினாலும் முதலில் குழாயைப் பார்த்து முகம் சுளிப்பார், பிறகு ஆளைப் பார்த்து.

“என்ன சேம்பிள்?”

“அதேதான்.”

“மறுபடியுமா? நேத்துதான மூச்சு விட்டுச்சு?”

“கனநீர் ஒரு சொட்டு வேணும்.”

“எதுக்கு? துறைத் தலைவர் சொன்னாரா?”

“சொல்லல.”

“அப்ப தர முடியாது மேடம்.” ஆனால் சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்துவிட்டார். சட்டம் பேசுவது அவருக்கு ஒரு பழக்கம், பின்பற்றுவது இன்னொரு விஷயம். “என் முன்னாடி விடாதீங்க. நான் அந்தப் பக்கம் பாத்துட்டிருக்கேன். சிந்தினா மட்டும் கூப்பிடுங்க.”

பேனா ரீஃபிலைவிடச் சற்றே தடித்த கண்ணாடிக் குழாய். முதலில் கனநீர் விடாமல் ஒரு தடவை ஓட்டினாள். முகடு இருந்தது, அதன் புதிய முகவரியில். குழாயை வெளியே எடுத்து, ஒரு சொட்டு விட்டு, மூடியை அழுத்திக் குலுக்கினாள். ஆக்சிஜனில் தொற்றிய ஹைட்ரஜனுக்கு விசுவாசம் கிடையாது. அது தாவித் தாவி வீடு மாறுகிற ஜாதி. கனநீரைக் கண்டால் அதனிடம் ஓடிப்போய், பதிலுக்கு அங்கிருக்கும் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனை வீட்டில் குடிவைத்துவிடும். இந்த இயந்திரத்தின் காதுக்கு டியூட்டீரியம் கேட்காது. கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன்களோ சொந்த வீட்டுக்காரர்கள், தண்ணீர் காட்டினால் அசைய மாட்டார்கள்.

கரைப்பான் அதைவிடக் கனம் என்பதால் சொட்டு மேலே மிதந்தது. குழாய் உள்ளே இறங்கியது. திரையில் கோடு வலமிருந்து முளைத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் இருந்தார்கள். அலைகிற அவன் மட்டும் இல்லை. அவன் நின்ற இடம் இஸ்திரி போட்ட துணி மாதிரி தட்டையாக இருந்தது. தண்ணீர் வருகிற இடத்தில், ஐந்துக்குச் சற்றுக் கீழே, புதிதாக ஒரு மேடு.

அவள் நினைத்தது சரி. நினைத்தது சரியாக இருந்த சந்தோஷம் ஒரு கொட்டாவி அளவுக்கு வந்தது, வாயை மூடுவதற்குள் போய்விட்டது. மூன்றாவது அத்தியாயம் கண் முன்னால் கரைந்துவிட்டது.

“போயிடுச்சா?” என்றார் இயந்திர அறைக்காரர், அந்தப் பக்கம் பார்த்தபடியே.

“போயிடுச்சு.”

“யார் சொல்றது அவர்கிட்ட?”

“நான்தான்.”

“நான் இங்கயே இருக்கேன் மேடம்” என்று உறுதியளித்தார்.

சிகரம் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் முகம் கறுத்தது. அவளுக்கு ஒரு கணம் பரிதாபம்கூட வந்தது. அதற்குள் முகம் மறுபடி தெளியத் தொடங்கியது. இறுதியில் ஒரு ஒளியே வந்துவிட்டது.

“என்னம்மா பண்ணிவச்சிருக்க?” என்றார் மெதுவாக.

“கனநீர் சார்.”

“அது தெரியுது. நீ என்ன பண்ணிருக்கன்னு உனக்கே தெரியல.” எழுந்துவிட்டார். “தண்ணியில அமுக்கிட்ட. மூச்சு நின்னுடுச்சு.”

“சார்...”

“மூச்சுவிடற ஒன்னுக்குத்தானே மூச்சு நிக்கும்? இதவிட என்ன ஆதாரம் வேணும்?” விரல் அந்தப் புதிய மேட்டைத் தொட்டது. “இது என்ன? முன்னாடி இல்லையே.”

“அது தண்ணி சார். ஹைட்ரஜன் அங்க போயிருக்கு.”

“நீயே சொல்ற பாரு. வெளிய போயிருக்கு. வெளிவிட்ட மூச்சும்மா அது.”

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக ஒரு கல்லை எறிந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

“சார், சாதாரண எத்தனால் எடுத்தாக்கூட இப்படித்தான். நிறைய, கம்மின்னு போட்டா பீக் நகரும். கனநீர் விட்டா போயிடும். அப்ப எத்தனாலும் மூச்சு விடுதா?”

எறிந்த கல் சிகரத்தின் மேல் பட்டதாகத் தெரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் யாரோ யாரையோ பின்னால் எடுக்கச் சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். திரும்பியபோது குரல் தழுதழுத்தது.

“எத்தனாலுமா?” என்றார். “அப்ப இது ஒரு மூலக்கூறு விஷயமே இல்ல. பொதுக் கோட்பாடு.”

ஒரு மனிதரோடு வாதாட வேண்டுமென்றால் அவரிடம் தோற்பதற்கு ஏதாவது ஒரு இடம் இருக்க வேண்டும். சிகரத்திடம் அப்படி ஒரு இடமே விட்டுவைக்கப்படவில்லை. மேடு, பள்ளம், ஈரம், வெற்றிடம் எல்லாம் அவருக்குப் படிக்கட்டு.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து, அவளுடைய ஏட்டில் தான் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தை எடுத்தார். தயாராகத்தான் வைத்திருந்தார். “கடைசியில இந்த ரெண்டாவது படத்தச் சேர்த்துடு. ‘நீரில் மூச்சு நிற்றல்’னு ஒரு தலைப்பு. ரெண்டு பாரா போதும். எழுதிக் கொண்டா, இன்னைக்கே போட்டுடறேன். நீயும் போய் வேலையில சேரு. கோட்பாட்ட நான் பாத்துக்கறேன்.”

பேனாவின் மூடியைக் கழற்றி, எழுது என்பதுபோல் நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. கணவன் கேட்ட கேள்வி அந்த அறையில் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. ஏன் பார்க்கணும்? பார்த்தாயிற்று. இனி எப்படிப் பார்க்காதவளாவது?

“சார், நான் ரெண்டு பாரா எழுதறேன்” என்றாள். “ஆனா வளையம் மூடலன்னு எழுதுவேன். இது பழைய பொருள்னு எழுதுவேன்.”

“அது அத்தியாயம் ஆகாது.”

“தெரியும் சார்.”

“அப்ப மூணாவதுக்கு என்ன பண்ணுவ?”

“வேற வினை பண்றேன். அமிலத்த மாத்திப் பார்க்கறேன். மூடுதான்னு பார்க்கறேன்.”

“இன்னொரு வருஷம் ஆகும்.”

“ஆகும் சார்.”

சிகரம் பேனாவை மூடினார். அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது நிஜமான வருத்தம், நன்றாகப் படிக்கிற பிள்ளை கடைசி நேரத்தில் கோட்டை விட்டதே என்கிற வருத்தம். “உனக்குப் பொறுமை பத்தல” என்றார். ஆறு வருஷம் உட்கார்ந்து, ஏழாவதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவளைப் பார்த்து.

மாடிப்படியில் நின்று மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டாள். தரச் சோதனைக் கூடத்தின் மேலாளர் எடுத்தார்.

“வாங்க மேடம். உங்க புரொஃபசர் காலையிலதான் பேசினார். ரொம்பப் பெருமையா சொன்னார். எப்ப சேர்றீங்க?”

“சேர முடியாதுங்க. ஏடு தள்ளிப்போகுது. ஒரு வருஷம் ஆகும்.”

“ஒரு வருஷமா? என்ன ஆச்சு?”

“ஒரு ஹைட்ரஜன தப்பான இடத்துல போட்டுட்டோம்.”

மேலாளர் கணக்குக் கேட்டார். “எத்தனைல ஒன்னு?”

“பதினெட்டுல.”

“பதினெட்டுல ஒன்னா.” மேலாளர் சிரித்தார், நல்ல மனசுள்ள சிரிப்பு. “இதுக்கா மேடம் பயப்படறீங்க? இங்க வந்து பாருங்க. அந்த அளவு வித்தியாசத்த எல்லாம் நாங்க ரவுண்டு பண்ணி அனுப்பிடுவோம். பழகிட்டா சரியாயிடும்.”

“எதுல ரவுண்டு பண்ணுவீங்க?”

“ரிப்போர்ட்டுலதான். மாத்திரை ரிப்போர்ட்டுல.”

அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். உடனே கணவனைக் கூப்பிட்டாள்.

“என்ன ஆச்சு?” என்றான் அவன். பின்னணியில் யாரோ எழுத்துகளை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள், வெகு வேகமாக.

“அத்தியாயம் போயிடுச்சு. வேலையும் போயிடுச்சு.”

“சரி” என்றான். பிறகு, “அரிப்பு?”

“அது அப்படியேதான் இருக்கு” என்றாள். “அப்புறம் ஒன்னு. வீட்டுல இருக்கிற மாத்திரையெல்லாம் எந்தக் கம்பெனின்னு கொஞ்சம் பாருங்க.”